பானெட்டை நிமிர்த்திய மூன்று நாள்

எங்கள் காரின் பானெட் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். வெயிலடித்ததும் காக்கை ஒன்று வந்து குளித்துவிட்டுப் போகும். "சிலமலையில கம்மாய் வத்துனாலும் எங்க கார்ல தண்ணி வத்தாது" என்று நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். பிறர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதி அவமானம் குறையும் என்பது என் வாழ்நாள் கொள்கை. மீதிப் பாதியை என்ன செய்வது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

கார் அப்பா வாங்கியது. அவர் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்த பழைய கார். அவர் போன பிறகு எனக்கும் தம்பிக்கும் பொது. கீழே எங்கள் ஊர் சிலமலையில் நிலம், மேலே மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம். நான் கீழே பார்த்துக்கொண்டேன், அவன் மேலே. காரை நான் ஓட்டினால் ஓடும். அவன் ஓட்டினால் சொன்னபடி கேட்கும். இந்த வித்தியாசத்தை நான் வெளியே ஒத்துக்கொண்டதில்லை.

குழி விழுந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு அடைமழை நாளில். மலையில் ஜீப்பின் பானெட்டை எஞ்சினை மூடும் தகடாக யாரும் நினைப்பதில்லை. அது ஒரு இருக்கை. உள்ளே ஆள், பின்னால் தொங்குகிற ஆள், பானெட் மேல் மூட்டை, மூட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள். அன்று வரவேண்டிய ஜீப்பு வரவில்லை. காய் பறிக்கும் பெண் ஒருத்திக்குக் கடும் காய்ச்சல். தம்பி அவளையும் அவள் வீட்டாரையும் காருக்குள் ஏற்றினான். டிக்கியில் கொண்டமட்டும் மூட்டைகளைத் திணித்தான். மிஞ்சிய இரண்டை, ஜீப்புக்குச் செய்கிற பழக்கத்தில், பானெட் மேல் போட்டுக் கட்டி, அவளுடைய புருஷனை மேலே உட்காரவைத்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டே மலையிறக்கிவிட்டான். ஜீப்பு பானெட் பலகை மாதிரி தட்டை. கார் பானெட் அப்பளம் மாதிரி உப்பலானது. இறக்கம் முடிவதற்குள் அப்பளம் அமுங்கிவிட்டது.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அவன் போடியில் ஏலக்காய்க் கடை வாசலுக்கு வந்தான். அங்கே நான் நாலு வியாபாரிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பானெட்டைப் பார்த்ததும் பகீரென்றது. எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். பிறவிக் கோளாறு.

"வாங்கண்ணே, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டேன். "எந்தம்பி இன்னைக்கு ஏலத்துக்குக் காரையே கொண்டாந்திருக்கான். நல்லா நசுக்கிப் பக்குவமாக் கொண்டாந்திருக்கான். ஆளுக்கொரு கிள்ளு எடுத்து மோந்து பாத்துட்டு வெலையச் சொல்லுங்க."

கடைத்தெருவே சிரித்தது.

"அண்ணே, உள்ள ஒரு பொம்பளைக்கு..." என்று அவன் ஆரம்பித்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சிரிப்பு கிடைக்கிறபோது நிறுத்தத் தெரியாதவன் நான். "அப்பா இருந்திருந்தா மூட்டையோட சேத்து உன்னையும் ஏலம் விட்டுருப்பாருடா" என்றேன். இன்னொரு சிரிப்பு எழுந்தது. அவன் சாவியை என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இனி இந்தக் கார்ல கால வைக்க மாட்டேண்ணே."

அன்றே பஸ் ஏறிவிட்டான். எங்கள் தோட்டத்துக்குக்கூடப் போகவில்லை. மலையுச்சியில் போடி மெட்டுக்கு அப்பால் வேறு யாருடைய எஸ்டேட்டிலோ, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்ப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். நாலு வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பானெட் அப்படியே கிடந்தது. நடு அமுங்கியதில் முன்மூலை இரண்டும் பூனைக் காது மாதிரி தூக்கிக்கொண்டன. பூட்டு கொக்கியில் விழாது. கயிறு போட்டுக் கட்டி ஓட்டினேன். ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டவர்களிடம் சோம்பல் என்றேன். சோம்பல் இல்லை. குழி இருக்கும்வரை தப்பு அவனுடையது. தட்டி நிமிர்த்திவிட்டால், அவன் ஏன் போனான் என்ற கேள்விக்கு என் வாய் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

அந்தக் கயிறு ஒருநாள் அறுந்தது. மெட்டிலிருந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவில் பானெட் படாரென்று எழுந்து கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டது. முன்னால் ரோடு இல்லை, மலை இல்லை, துருப்பிடித்த தகடுதான். புத்தியுள்ளவன் பிரேக்கை மிதிப்பான். நான் முதலில் ஹாரன் அடித்தேன். யாருக்கு அடித்தேன்? பானெட்டுக்குத்தான், வழிவிடச் சொல்லி. பிறகு கண்ணை மூடிக்கொண்டேன், திறந்திருந்தும் பயனில்லை என்பதால். மிதித்தது என் கால். அதற்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. கார் நின்றபோது முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "என்னண்ணே, வண்டி கொட்டாவி விடுது, ராத்திரி தூங்கலையா?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அறுந்த கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, மிச்ச வளைவுகளையெல்லாம் முதல் கியரிலேயே இறங்கினேன்.

அதன் பிறகு நான் காரை மலைக்கு எடுக்கவே இல்லை. தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தேன். "பெட்ரோல் விக்கிற வெலையில..." என்று சொல்லிவைத்தேன். பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிறவன் வளைவைக் கண்டு நடுங்குகிறான் என்றால், அது வேறு வகைச் சிரிப்பாகிவிடும்.

அம்மா படுக்கையில் விழுந்தது அதற்கு அடுத்த வருஷம். மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. போடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மனசுக்குப் புடிச்சதச் செஞ்சு குடுங்க" என்றார். டாக்டர்கள் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"அப்பு, சின்னவனக் கொண்டாந்து காட்டுப்பா."

"ஆள் விட்டுச் சொல்லுவோம்மா. ஓடியாந்துருவான்."

"ஆளா? கோவிச்சுட்டுப் போனவன அண்ணன்காரன் போயில்ல அழைக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "ஜீப்புல சாக்கோட சாக்கா ஏத்திக் கொண்டாந்துராத. ஒங்கப்பா கார்லயே கூட்டியா. கால வைக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போன அதே கார்லருந்து எறங்கி வாசல்ல நிக்கணும். நான் பாக்கணும்."

எங்கள் பக்கத்தில் முறை அப்படித்தான். கோபித்துப் போனவன் தானாக வந்தால் தோற்றவன் ஆவான். மரியாதையோடு அழைத்து வந்தால் வீட்டுப்பிள்ளை ஆவான். அம்மா கேட்டது அந்த மரியாதையை. அவனுக்காகக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காரை எடுத்தேன். ஆனால் மலைக்குப் போகவில்லை. போடியில் டிங்கர் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், தூரத்து முறையில் மைத்துனன். பானெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாலு வருசம் கட்டி ஓட்டுனவனுக்கு இன்னைக்கு என்ன மாப்ளே திடீர்னு?"

"மலைக்குப் போகணும் மச்சான். தம்பியக் கூட்டியாரணும். அம்மாவுக்கு முடியல."

அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். "அப்ப இங்க என்னடா சோலி ஒனக்கு? கம்பிய ரெண்டு சுத்துச் சுத்தி முறுக்கித் தர்றேன். எமனே வந்து இழுத்தாலும் தொறக்காது. வெரசாப் போயிட்டு வந்து விடு, நிதானமாத் தட்டுவோம்."

அந்த நிமிஷம் கிளம்பியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டில் இருந்திருப்பான்.

"இல்ல மச்சான். குழியப் பாத்தா அவன் மனசு நோகும். அவன் பாக்கும்போது பானெட் புதுசா இருக்கணும்" என்றேன். பொய் இல்லை. ஆனால் ஒன்பதாவது வளைவு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. நல்ல காரணத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிவது எனக்குக் கைவந்த கலை.

பானெட்டைக் கழற்றி, சாக்கு விரித்து அதன்மேல் கவிழ்த்துப் போட்டோம். அவன் மரச்சுத்தியலால் உட்புறத்திலிருந்து தட்டினான். குழி 'பொக்'கென்று எழும்பியது. ஒரு சாண் தள்ளி இன்னொரு இடம் 'பொக்'கென்று அமுங்கியது. அதைத் தட்டினால் இது. சாயங்காலம்வரை இதே ஆட்டம்.

"தகடு இழுபட்டு நீண்டுருச்சு மாப்ளே. தட்டுனா போதாது. அங்கங்க பொட்டு வச்ச மாதிரி நெருப்பக் காட்டி, ஈரச் சாக்கப் போட்டு அணைக்கணும். அப்பத்தான் சுருங்கும்" என்றான்.

பஸ்ஸில் வீடு திரும்பினேன். அம்மாவின் பக்கத்தில் அடுத்த வீட்டு அத்தை உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பிட்டியாப்பா?" என்றாள் அம்மா.

"காலையில கெளம்புறேம்மா. வண்டியில சின்ன வேலை."

சனிக்கிழமை நெருப்புக் காட்டினான். தகட்டில் செம்பொட்டு எரிந்து, ஈரச் சாக்கு பட்டதும் 'சுர்'ரென்று ஆவி கிளம்பும். ஒவ்வொரு பொட்டுக்கும் குழி கண்ணெதிரே சுருங்கியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாதிக்குமேல் போனபோது கேஸ் தீர்ந்துவிட்டது. தேனியிலிருந்து மறுநாள்தான் சிலிண்டர் வரும்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றான் மைத்துனன். "இருக்கிறபடி மாட்டிக் கம்பி கட்டித் தர்றேன். அதுவும் வேண்டாம்னா, அந்தா மெட்டு பஸ்சு நிக்குது. ஏறி ஒக்காரு."

பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் நின்றது. "கார்லதான் கூட்டியாரணும்னு அம்மா சொல்லிருச்சு மச்சான்" என்றேன். பெற்ற தாயின் ஆசையையே கேடயமாகப் பிடித்தேன். பஸ் புறப்பட்டுப் போனது.

வீட்டில் மறுபடி அதே கேள்வி. மறுபடி, "காலையில."

"நீ சொல்றது எந்த வருசத்துக் காலையிலப்பா?" என்றாள் அத்தை. என் மனைவி அடுப்படியில் வைத்து மெல்லக் கேட்டாள்: "ஏங்க, கூட்டியாரப் போறது கொழுந்தனையா, பானெட்டையா?" பதிலுக்கு ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை சிலிண்டர் வந்தது. மதியத்துக்குள் குழி போன இடம் தெரியவில்லை. தூக்கி மாட்டினால் இடது மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்தான். எதிர்மூலைக்கு அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டு பேரும் மார்பால் அமுக்கி வளைத்தோம். பூட்டின் கொக்கியை ஒரு மயிரிழை இறக்கினான். நான் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, பானெட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சுற்றிலும் விட்டுப் பார்த்து, "இங்க அட்டை போகுது, அங்க போகல" என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன்.

"கப்பலாடா கட்டுறோம்?" என்று கத்தினான்.

நாலு மணிக்குப் பானெட் 'டப்'பென்று, ஒரே சத்தத்தில், கனமாக மூடியது. அவன் சாவியை நீட்டினான். "போ. இருட்டுறதுக்குள்ள மெட்டு ஏறிரலாம்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலரைக்கு ராகுகாலம் மச்சான்."

"ஒன் கல்யாணத்தையே ராகுகாலத்துல பேசி முடிச்சவன்டா நீ" என்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

திங்கட்கிழமை விடியும்போது கிளம்பினேன். அம்மா விழித்திருந்தாள். "மலையில குளிரும். காதக் கட்டிக்கப்பா" என்றாள். குரல் இருக்கிறதா என்று குனிந்துதான் கேட்கவேண்டியிருந்தது.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதிலிருந்து எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டேன். தெரிந்தவர்கள் தீர்ந்ததும் பக்கத்து ஊர்ச் சாமிகளையும். ஒன்பதாவது வளைவில் மூச்சை அடக்கிக்கொண்டேன். பானெட் அசையவில்லை. கம்பி கட்டியிருந்தாலும் அசைந்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

எஸ்டேட் ஸ்டோர் வாசலில் தம்பி நின்றிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் காரைப் பார்த்தான். பக்கத்தில் வந்து பானெட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தடவினான்.

"நல்லாத் தட்டியிருக்காங்கண்ணே." உடனே முகம் மாறியது. "அம்மாவுக்கு என்ன?"

"ஒன்னையப் பாக்கணுமாம். கார்லயே கூட்டியாரச் சொல்லுச்சு."

"எப்பச் சொல்லுச்சு?"

"நேத்துச் சாயங்காலம்" என்றேன். என் நாக்கு இதற்கெல்லாம் யோசிக்காது.

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நேற்றுக் கேட்டாள், இன்று அண்ணன் வந்துவிட்டான் என்ற கணக்கு அதில் தெரிந்தது. "அன்னைக்குக் கடைத்தெருவுல நான்..." என்று இழுத்தேன். "மதிண்ணே" என்றான். மலையாளத்துக்காரர்களோடு பழகிய வாய்க்குப் 'போதும்' அப்படித்தான் வந்தது. "சாவியக் கொண்டா."

அவன்தான் ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் கார் அவன் கையில் குழந்தை மாதிரி சாய்ந்து எழுந்தது. வழியெல்லாம் பேசினான். அம்மா ஏசுமா, ஏசினால் என்ன சொல்வது, காலில் விழுந்துவிட்டால் ஏசாது இல்லையா என்று. நான்கூடச் சிரித்தேன்.

சிலமலைக்குள் நுழையும் இடத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சைக்கிளில் பச்சை மூங்கில் கட்டிக்கொண்டு வந்தார். காரைக் கண்டதும் இறங்கி ஓரமாக நின்றார். தம்பி பிரேக் போட்டான்.

"யாருக்குண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒம்பது மணிக்குத்தான்ப்பா" என்றார்.

வீடுவரை தம்பி நிதானமாகத்தான் ஓட்டினான். அம்மா கேட்டபடியே அந்தக் காரிலிருந்து இறங்கி வாசலில் நின்றான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பெண்கள் கட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பாரியாகவே சொல்லி அழுவது எங்கள் வழக்கம். அடுத்த வீட்டு அத்தை எழுந்து வந்து தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வெள்ளியிலும் கேட்டாகளே, என் மகனே,
சின்னமகன் வந்தானான்னு;
சனியிலும் கேட்டாகளே, என் மகனே,
சத்தம் கேக்குதா வண்டியின்னு;
ஞாயித்துல கேட்ட கண்ணு, என் மகனே,
திங்களுக்கு மூடிருச்சே..."

அவள் என்மேல் பழி போடவில்லை. இழவு வீட்டில் சொல்லவேண்டியதைச் சொன்னாள். பெண்களின் தலைகளுக்கு மேலாகத் தம்பி என்னைப் பார்த்தான்.

எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளையவன். வைத்தான். திரும்பும் வழியில் எங்கள் நிலத்துப் பம்புசெட்டில் குளிக்க நின்றோம். மற்றவர்கள் குளித்துவிட்டு வரப்பில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தத்தில் அவன் கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அண்ணே, வெள்ளிக்கெழமையிலருந்து என்ன செஞ்சே?"

வாயைத் திறந்தால் எப்போதும் ஏதாவது வந்து விழும். அன்று உண்மை வந்து விழுந்தது.

"பானெட்டத் தட்டிக்கிட்டு இருந்தேன்டா."

அவன் சிரித்துவிட்டான். மொட்டையடித்த தலையோடு, ஈரத்தோடு, இழவு வீட்டுக்காரன் என்பதையும் மறந்து சிரித்தான். அண்ணன் வழக்கம்போல் எதையோ மறைக்கக் கேலி பேசுகிறான் என்று நினைத்துவிட்டான். அடுத்து உண்மையான பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு அவன் உதட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மெல்லப் போனது.

பயந்துட்டேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த வாய்க்கு அது வரவில்லை.

அவன் குழாய்க்கு அடியிலிருந்து விலகி எனக்கு இடம் விட்டான்.

"குளிண்ணே" என்றான். "ஆளுக காத்திருக்காக."